அறுபது தாண்டிய இருவர், கியர் சைக்கிள் இரண்டு: மதுரையிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

சைக்கிளில் வெளியூர் போய்வர ஆசைப்பட்டு எங்களிடம் யோசனை கேட்கிறவர்கள் பெரும்பாலும் எங்கள் வயதுக்காரர்கள்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, பிள்ளைகள் வெளியூரில், முட்டியில் லேசான பிடிப்பு, சாப்பாட்டு மேஜையில் பிரஷர் மாத்திரை. ஆனால் அவர்கள் பார்த்துவிட்டு வரும் சைக்கிள் விமர்சனங்கள் எல்லாம் முப்பது வயதுப் பையன்கள் போட்டவை. வண்டி எத்தனை கிலோ, எவ்வளவு வேகம் போகும் என்பதிலேயே நின்றுவிடும். அறுபதுக்கு மேல், அதுவும் புருஷன் பெண்டாட்டியாகக் கிளம்பும்போது, கணக்கே வேறு.

எனக்கு 63, வீட்டுக்காரருக்கு 68. இரண்டு பேருக்கும் ஒரே மாடல் ஹைபிரிட் சைக்கிள் (ரேஸ் வண்டிக்கும் மலை வண்டிக்கும் நடுவான ரகம்), ஃப்ரேம் அளவு மட்டும் வேறு. 2021-ல் வாங்கியது. அலுமினிய ஃப்ரேம், ஷாக் அப்சார்பர் இல்லாத ஃபோர்க், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு, ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் கட்டை பிரேக். அப்போது ஒன்று முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த மாடல் இப்போது கடைகளில் இல்லை, பெயரைச் சொல்லிப் பயனில்லை. ஒரே மாடலாக வாங்கியதில் ஒரு லாபம்: ஒரு ஜோடி பிரேக் கட்டை, இரண்டு டியூப், ஒரு செயின் லிங்க் எடுத்துக்கொண்டால் எந்த வண்டி மக்கர் செய்தாலும் ஆகும். ராமேஸ்வரம், கம்பம், காரைக்குடி, புதுக்கோட்டை என்று பல பக்கமும் இவற்றில் போய் வந்திருக்கிறோம். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர், அவ்வளவுதான். அதற்கு மேல் போகவும் முடியும். ஆனால் மறுநாள் காலை ஐந்து மணிக்கு யாருக்கும் எழுந்திருக்க மனசு வராது.

முதலில் கியர். கடையில் "ஏழு கியர் இருக்கும்மா, போதும்" என்பார்கள். நாம் கேட்க வேண்டியது பல் கணக்கு. எங்கள் வண்டியில் முன்னால் சின்ன சக்கரத்தில் 28 பல், பின்னால் பெரிய சக்கரத்தில் 34. இந்தச் சேர்க்கையில் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய 1.8 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஆறரை கிலோமீட்டர் வேகம், நடையைவிடக் கொஞ்சம் கூட. பழைய கியர் இல்லாத வண்டி ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். சமதரையில் அது சுகம். மேட்டில் அந்த ஐந்து மீட்டரையும் தள்ளுவது நம் முட்டி. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் நான் இறங்காமல் ஏறியது என் பலத்தால் இல்லை, அந்த 34 பல்லால். முன்னால் 44 பல் ஒற்றைச் சக்கரமும் பின்னால் அதிகபட்சம் 28 பல்லும் இருக்கிற வண்டியை எங்கள் வயதுக்காரர்கள் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

முட்டி பற்றி இன்னொன்று. முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தணிவாக இருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கிறது. குதிகாலைப் பெடலில் வைத்துக்கொண்டு, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கி நிற்கும், அதுதான் சரியான உயரம். நம் ஊரில் சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை விட வீட்டுக்காரருக்கு ரொம்ப நாள் ஆனது. நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கக் கற்றுக்கொண்டார், முட்டி வலியும் பாதிக்கு மேல் குறைந்தது. மீதி வலி வயசுக்கு உரியது.

டயர். மதுரையிலிருந்து தென்கிழக்கே போகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கவும். மானாமதுரை தாண்டிவிட்டால் பரமக்குடி, ராமநாதபுரம் வரை ரோட்டோரம் எல்லாம் சீமைக் கருவேலம். கரிமூட்டம் போடவும் விறகுக்கும் வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போகும்போது முள் சிதறிக்கொண்டே போகும். வண்டியோடு வந்த டயர் அந்த முள்ளுக்குக் காகிதம் மாதிரி. முதல் ராமேஸ்வரம் பயணத்தில் சைக்கிள் ஓட்டிய நேரம் அதிகமா, பஞ்சர் ஒட்டிய நேரம் அதிகமா என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. திரும்பி வந்ததும் உள்ளே முள் தடுக்கும் அடுக்கு வைத்த, 38 மில்லிமீட்டர் அகல டயர் நான்கு வாங்கினோம். ஒவ்வொன்றும் பழையதைவிடக் கனம், மிதிக்கும்போது அது தெரியும். பஞ்சர் அறவே நின்றுவிடவில்லை. ஆனால் பஞ்சர் இல்லாமலே முடிந்த பயணங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. சைக்கிளுக்கு மேல் கூடுதலாகச் செலவு செய்ததில் முதல் இடம் இதற்குத்தான்.

டியூப் மாற்றுமுன் டயருக்குள் ஒரு துண்டு பஞ்சை வைத்துச் சுற்றிலும் தேய்த்துப் பாருங்கள். முள் நுனி எங்கேயாவது ஒடிந்து உள்ளே நின்றால் பஞ்சு அதில் மாட்டும். விரலால் தடவினால் விரல்தான் கிழியும்.

அளவு விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. எங்கள் டயர் பக்கவாட்டில் 622 என்று போட்டிருக்கும். கிராமத்துக் கடையில் தொங்கும் பழைய பெரிய சைக்கிள் டயர் 28 அங்குலம், அதில் 635 என்று இருக்கும். பார்க்க ஒரே உயரம்தான், ஆனால் ஒன்றின் டயர் மற்றதன் ரிம்மில் உட்காராது. அதனால் டியூப் இரண்டும், மடிக்கக்கூடிய டயர் ஒன்றும் கையோடு போகும். வால்வ் மட்டும் மோட்டார் பைக் வால்வ் மாதிரி இருக்கிறதைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பஞ்சர் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம். ஆனால் கம்ப்ரஸரை அவர்கள் கையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், டயரில் எழுதியிருக்கும் அளவைச் சொல்லி நின்று பார்த்து அடியுங்கள்.

சீட்டுக்கு மேல் போடும் ஜெல் உறை பத்துக் கிலோமீட்டர் வரை சொர்க்கம். அதற்கு மேல் தொடை உரசி எரிய ஆரம்பிக்கும். அகலமான, கொஞ்சம் கெட்டியான பெண்கள் சீட்டுக்கு மாறிய பிறகுதான் எனக்கு நிம்மதி. அவர் பழைய சீட்டிலேயே இருக்கிறார், ஒரு புகாரும் இல்லை. இது ஆளுக்கு ஆள் மாறும். யார் சொல்வதையும், நான் சொல்வதையும் சேர்த்து, நம்பாமல் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். ஹேண்டில் பார் கண்ணாடி சில நூறு ரூபாய்தான், அது இல்லாமல் தெரு முனைக்குக்கூட இப்போது நான் போவதில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் வயது போய்விட்டது.

இனி மூட்டை விஷயம். எங்கள் பயணங்களில் சண்டை வந்ததும் தீர்ந்ததும் இதில்தான்.

ஆரம்பத்தில் பாதிக்குப் பாதி என்று பிரித்துக் கட்டினோம். நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் அவர் எனக்கு முன்னால் அரைக் கிலோமீட்டர் போய்விட்டு ஒரு புளியமரத்தடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் போய்ச் சேர்ந்த நிமிடம், ஓய்வெடுத்து முடித்துவிட்ட அவர் கிளம்பத் தயாராக இருப்பார். எனக்கு ஓய்வே கிடையாது. திருப்பத்தூர் ரோட்டில் ஒருநாள் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "ஏன் உக்காந்துட்ட?" என்றார். "நீங்க நின்ன நேரம் நான் நிக்கலைங்க" என்றேன். அங்கேயே கொக்கியைக் கழற்றி என் இரண்டு பைகளில் ஒன்றை அவர் கேரியரில் மாட்டினோம். வேகம் தானாகச் சமமானது. ஜோடியாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே தந்திரம் இதுதான்: வேகமாகப் போகிறவரிடம் மெதுவாகப் போ என்று சொல்லாதீர்கள், மூட்டையை மாற்றிக் கட்டுங்கள். முன்னால் யார் என்பதிலும் அதே வழி. மெதுவாகப் போகிறவர் முன்னால். எதிர்க்காற்று அடித்தால் மட்டும் பலசாலி முன்னால் போவார், பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு மிதிப்பது கணிசமாகச் சுலபமாகும்.

அதற்கும் விலை உண்டு. அத்தனை கனமும் ஏறியதில் அவர் பின்சக்கரத்தில் செயின் பக்கத்து ஸ்போக்ஸ் கம்பி ஒன்று பட்டென்று அறுந்தது, கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. சக்கரம் நெளிந்து பிரேக் கட்டையில் உரசியது. ஒரு சின்ன ஊர்க் கடைக்காரர், எங்களைவிட மூத்தவர், எங்கள் அளவுக் கம்பி இல்லாமலே மற்ற கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். கியர் வண்டியைப் பார்த்து முகம் சுளிக்கும் நகரத்துக் கடைகளில் அந்தக் கைப்பக்குவத்தை நான் பார்த்ததில்லை. மதுரை வந்ததும் 36 கம்பி போட்ட பின்சக்கரமாக மாற்றிவிட்டோம். மூட்டை கட்டிப் போகிறவர்கள் முதலிலேயே அதைச் செய்துவிடலாம்.

ஆனால் அந்தப் பங்கீடும் நிலைக்கவில்லை. இரண்டு வருடமாக அவருடைய இடது முட்டி சொன்னபடி கேட்பதில்லை. முதலில் தண்ணீர் பாட்டில்கள் என் வண்டிக்கு வந்தன, பிறகு ரிப்பேர் சாமான் பை, போன பொங்கலுக்குப் பிறகு துணிப்பையும். யாரும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை, கிளம்பும் காலையில் நானே எடுத்து மாட்டிவிடுவேன். இப்போது என் கேரியர்தான் கனம். புளியமரத்தடியில் நின்று திரும்பிப் பார்ப்பதும் சில நாள் நான்தான்.

வழி. கன்னியாகுமரி நாற்கரச் சாலையில் நாங்கள் போவதில்லை. ஓரத்தில் இடம் இருக்கிறதே என்று தோன்றும், அந்த ஓரத்திலேயே எதிர்த்திசையில் பைக் வரும். ராமேஸ்வரம் போகத் திருப்புவனம், மானாமதுரை என்று ஊருக்குள் போகும் பழைய ரோடு நல்லது. முதல் நாள் மானாமதுரை, அடுத்து பரமக்குடி, அடுத்து ராமநாதபுரம், நான்காம் நாள் ராமேஸ்வரம் என்று எங்களைப் போல் போகலாம். தெம்பு இருந்தால் பரமக்குடி வரை ஒரே நாளில் போகிறவர்களும் உண்டு, தங்க லாட்ஜ் அங்கே சுலபமாகக் கிடைக்கும். கிராமத்து ரோட்டில் மாசி, பங்குனியில் நெல்லும் உளுந்தும் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற்றி வழுக்கி விழுவதைவிட இறங்கி உருட்டிக்கொண்டு போவது இரண்டு பக்கத்துக்கும் மரியாதை.

பாம்பன் ரோட்டுப் பாலம், 1988-ல் திறந்தது, இரண்டே கால் கிலோமீட்டருக்குச் சற்று மேல். பக்கக் காற்று ஹேண்டில் பாரைப் பிடுங்கும். பை மாட்டிய சைக்கிள் அந்தக் காற்றுக்குப் பாய்மரம், ஓட்ட வேண்டாம், உருட்டுங்கள். தனுஷ்கோடி ரோடும் அப்படியே. தென்மேற்குக் காற்றானாலும் வாடைக் காற்றானாலும் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் அடிக்கும். மணல் வேறு ரோட்டில் ஏறிக் கிடக்கும். 1964 புயலில் இடிந்த தேவாலயத்தைப் பார்த்துவிட்டு அரிச்சல்முனை வரை போய், வெயில் ஏறுமுன் ராமேஸ்வரம் திரும்பிவிடுவது நல்லது.

தேனிப் பக்கம் ஆடிக் காற்று. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேற்குக் காற்று ஆளைத் தள்ளும். அந்த மாதங்களில் மதுரையிலிருந்து மேற்கே மிதிப்பது வீம்பு. நாங்கள் இரண்டு சைக்கிளையும் குட்டியானையில் ஏற்றிப் போடி வரை போய், அங்கிருந்து காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மதுரை வந்தோம். ஏமாற்று வேலை என்று மகள் சொல்கிறாள். இருக்கட்டும்.

ரயிலில் சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்து பார்சல் பெட்டியில் போடலாம். பயண டிக்கெட்டைக் காட்ட வேண்டும், சீக்கிரமே போக வேண்டும். நடுவழி ஸ்டேஷனில் ரயில் நிற்கும் ஓரிரு நிமிடத்தில் இறக்குவது எங்கள் வயதுக்கு ஆகாது. ரயில் புறப்படும் ஊர், முடியும் ஊர், இரண்டுக்குமே திட்டமிடுங்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திய பிறகு ராமேஸ்வரத்திலிருந்து வண்டி ஏற்ற வழியில்லாமல் இருந்தது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததும் அந்தக் கவலை தீர்ந்தது.

பெண்கள் என்னிடம் தனியாகக் கேட்பது ஒன்று இருக்கிறது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். கழிப்பறை. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். வெயிலில் அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும், தலைசுற்றலிலும் விடும். பெட்ரோல் பங்குகளை வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துக்கொள்கிறேன். அங்கே கழிப்பறை இலவசமாகத் திறந்துவிட வேண்டியது அவர்கள் கடமை. சாவி இல்லை என்று இழுத்தால் வேலை பார்க்கும் பெண் யாராவது இருக்கிறாரா என்று கேட்பேன், சாவி வந்துவிடும். சேலையும் துப்பட்டாவும் செயினுக்குப் பகை. பருத்திப் பேன்ட், பக்கவாட்டில் பிளவு வைத்த குர்தா, தலைக்கு ஹெல்மெட்டுக்கு அடியில் நனைத்த காட்டன் துணி.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. காலை ஐந்துக்குக் கிளம்பி, ஏழு மணிக்கு இட்லியோ பணியாரமோ, பத்து மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிடுவோம். கையில் கடலை மிட்டாய், ஓஆர்எஸ் பொட்டலம். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும், ருசிக்காக அதைக் குறைக்கவோ கூட்டவோ கூடாது. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கு இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுக்கிறவர்கள், கிளம்புமுன் டாக்டரிடம் "நாள் முழுக்க சைக்கிள் ஓட்டப் போகிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்காரருக்கு இரண்டாவது வகை. பயணத்தின்போது அளவை மாற்றிக் கொடுத்தார்கள். சித்திரை, வைகாசியில் நாங்கள் வீட்டை விட்டு நகர்வதில்லை. தை மாதம்தான் உத்தமம். பழனி பாதயாத்திரைக் கூட்டம் போகும் ரோடுகளில் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் இருக்கும். ஆனால் விடியற்காலை இருட்டில் நடப்பவர்கள் மேல் இடிக்காமல் ஓட்ட நல்ல விளக்கு வேண்டும்.

ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று தயங்குகிறவர்களுக்கு: சொல்லத்தான் செய்வார்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அப்பத்தா, "ஏன் தாயி, மகன் ஒரு வண்டி வாங்கித் தரலையா?" என்று என் கன்னத்தைத் தடவிப் பரிதாபப்பட்டது. மகள்தான், அவள் கார் வாங்கித் தருவதாகச் சொல்லியும் நாங்கள்தான் வேண்டாம் என்றோம் என்றால் நம்பவில்லை. புதுக்கோட்டையில் மட்டும் அந்தக் கேள்வி வரவில்லை. நான் அந்த மாவட்டத்துக்காரி. 1991-ல் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் அங்கே தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள், கிராமம் கிராமமாகப் பெண்கள் ஓட்டினோம். நான் கற்றது பார் வைத்த ஆண்கள் சைக்கிளில், சேலையைச் செருகிக்கொண்டு. போன தடவை திருமயம் பக்கம் டீக்கடையில் நின்றபோது என் வயதுப் பெண்கள் நான்கைந்து பேர் சுற்றிக்கொண்டு, ஏன் ஓட்டுகிறாய் என்று கேட்கவில்லை. கியரை எப்படி மாற்றுவது என்று கேட்டார்கள். ஒருத்தி ஏறி ஒரு சுற்று ஓட்டியே காட்டினாள். பிரேக் பிடிக்கையில் என் வயிற்றில் புளி கரைந்தது, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தங்குமிடத்தில் சைக்கிளை எங்கே வைப்பது என்பது இன்னும் தீராத தலைவலி. "ரோட்டுலயே நிறுத்துங்க, ஒண்ணும் ஆகாது" என்ற லாட்ஜும் உண்டு. போனில் கேட்டு, கீழ்த்தளத்து அறை தருவதாகச் சொன்னால் மட்டுமே முன்பணம் அனுப்புகிறோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக ராமேஸ்வரம் கிளம்ப வேண்டாம். கீழடி போய் வாருங்கள். மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம், 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து இளைப்பாறலாம், மதியத்துக்குள் வீடு. அதே பையை மாட்டிக்கொண்டு அழகர்கோவில். மறுநாள் காலை இரண்டு பேரும் பேசிக்கொள்கிறீர்களா என்று பார்த்துவிட்டு அடுத்த திட்டம்.

கடைசியாக, பேட்டரி சைக்கிள். 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால் லைசென்ஸ், பதிவு எதுவும் தேவையில்லை. மிதிக்கும்போது மட்டும் உதவும் வகை எங்கள் வயதுக்கு நல்ல ஏற்பாடுதான். வண்டி கனம், சார்ஜ் தீர்ந்தபின் மேட்டில் அதை மிதிப்பது தண்டனை, லாட்ஜில் சார்ஜ் போட இடம் வேண்டும், இவ்வளவுதான் குறை. அடுத்த தை மாதம் சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாகத் தொண்டிக் கடற்கரை வரை போவதாகப் பேச்சு. அதற்குள் ஒன்று வாங்கிவிடலாமா என்று வீட்டுக்காரர் இழுக்கிறார், முட்டியைக் காரணம் காட்டி. எனக்கு ஆட்சேபணை இல்லை. மோட்டார் வந்தால் துணிப்பை, ரிப்பேர் பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் திரும்ப அவர் கேரியருக்கு என்று மட்டும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அதைக் கேட்டதிலிருந்து மனிதர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.